கழற்றி விற்பதா, முழுசாக விற்பதா?

பாராகுவாட் தடையால் யாருக்கு லாபம் என்று கேட்டால், தோட்டத் தொழிலாளியின் நுரையீரலுக்கு அடுத்தபடியாகப் பழைய சாமான் வியாபாரியைச் சொல்லலாம்.

2020 ஜனவரி 1 முதல் அந்தக் களைக்கொல்லிக்கு மலேசியாவில் இடமில்லை. 2002-இல் ஒருமுறை தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். மருந்து டாங்கியை முதுகில் சுமந்து தெளித்த பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வடிவதையும் நகம் கெடுவதையும் தெனாகானித்தா அமைப்பு 2002-லேயே ஆவணமாக்கியிருந்தது. அதற்குப் பிறகும் தடை நிலைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. மருந்து போன இடத்தில் ஓரளவு வேறு மருந்து வந்தது. கிளைபோசேட்டும் குளுபோசினேட்டும் இன்றும் தெளிக்கப்படுகின்றன. ஓரளவு மெஷின் வந்தது. செம்பனை அடிவட்டம், அறுவடைப் பாதை, லயத்து ஓரம், சாக்கடைக் கரை என்று புல் மெஷினுக்கு முன்பைவிட வேலை கூடியது.

வேலை கூடினால் மெஷினின் ஆயுள் குறையும். நெகிரி செம்பிலானின் பகாவ், ரொம்பின், கெமெஞ்சே, சிலியாவ் வட்டாரங்களில் தோட்டத்து வர்க்‌ஷாப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் தெரியும். சிக்கிக்கொண்ட பிஸ்டனோடு புல் மெஷின், சங்கிலியில்லாத ரம்பம், தண்ணீர் பம்ப், ஒரு சக்கரம் இல்லாத மினி டிராக்டர், தார்ப்பாய் மூடிய ஜெனரேட்டர் என எல்லாம் கண்டெம் ஆகி, உபயோகமற்றதென்று ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். லயத்து வீட்டுப் பின்கட்டிலும் இதன் சின்னப் பதிப்பைக் காணலாம். பகுதி நேரமாகத் தாமானில் புல் வெட்டப் போகிறவர் வாங்கிய மெஷின் இரண்டு அங்கே கோணிச் சாக்குக்கு அடியில் இருக்கும்.

இவற்றை முழுசாகத் தள்ளிவிடுவதா, கழற்றி உதிரியாக விற்பதா? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளக்காரருக்கு ஒரு நல்ல மெஷின் கணிசமான முதலீடு. அதை இரும்புக்கடைத் தராசில் கிலோ விலைக்குப் போடுவது, கையில் இருக்கும் பணத்தைத் தானே கிழிக்கிற காரியம். ஆனாலும் பெரும்பாலும் தராசில்தான் போய் முடிகிறது.

மலேசியாவில் முதுகில் மாட்டும் புல் மெஷினுக்கு ஒரு எண் உண்டு: 328. ஜப்பானின் தனாகா நிறுவனம் கொண்டுவந்த சம் 328 அவ்வளவு பரவியது. ஹார்ட்வேர் கடையில் கம்பெனி பெயரைச் சொல்லாமல் "328-க்கு கார்பரேட்டர்" என்று கேட்டாலே போதும். தனாகா பிறகு ஹிட்டாச்சி கோக்கியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனியும் 2018-இல் தன் வணிகப் பெயரை ஹைகோகி என்று மாற்றிக்கொண்டது. இதற்கிடையில் சீனத் தயாரிப்பாளர்கள் அதே வடிவத்தை அச்சாக எடுத்து பிஜி 328 என்று இறக்கினார்கள். அசலின் விலையில் ஒரு பங்குதான் அதற்கு. இன்று கடையில் தொங்கும் 328 உதிரிகளில் அசல் எது, நகல் எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கை வேண்டும்.

முழுசா உதிரியா என்ற கேள்விக்கு விடையே இந்த நகல் வரவில்தான் இருக்கிறது. நகல் மெஷினுக்குப் புது கார்பரேட்டரே மலிவாகக் கிடைக்கும்போது, அதன் பழைய கார்பரேட்டரை யார் வாங்குவார்? எனவே நகலைக் கழற்றி விற்பது வீண் வேலை. ஓடினால் ஓடுகிற நிலையில் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். ஓடாவிட்டால் தராசுக்குப் போகட்டும், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஜப்பான் அசல் என்றால் சங்கதி வேறு. அசல் மெஷினை விடாமல் வைத்திருப்பவர் அசல் கார்பரேட்டரையும் அசல் காயிலையும் தேடிக்கொண்டே இருப்பார். நகலை மாட்டிப் பார்த்து நொந்தவராகவும் இருப்பார்.

கூடப் பிறந்தவை எங்கே ஓடுகின்றன?

ஒரு மெஷினின் உதிரிக்கு விலை வைப்பது அந்த மெஷின் இல்லை. அதே மாடலில் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவைதான் விலை வைக்கின்றன. பத்துத் தோட்டங்களில் ஒரே மாடல் ஓடினால், செத்த மெஷின் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டோர். எல்லாத் தோட்டமும் மாடலை மாற்றிவிட்டால், அந்த ஸ்டோரில் இருப்பது வெறும் அலுமினியம்.

இந்தக் கணக்கு புல் மெஷினோடு நிற்பதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007 அக்டோபரில் உலகத்தின் முதல் ஏ380 பயணிகள் சேவையைத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில், 2017-இல், அந்த முதல் விமானங்களின் குத்தகை முடிந்தது. உரிமையாளரான ஜெர்மனியின் டாக்டர் பீட்டர்ஸ் நிறுவனம் அவற்றை முழு விமானமாக எடுத்துக்கொள்ள ஆள் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. முடிவில் இரண்டு விமானங்கள் பிரான்ஸின் தார்ப் நகரத்தில் கழற்றப்பட்டன. எஞ்சின்கள் மட்டும் தனியாகக் குத்தகைக்குப் போயின. முழு விமானத்தை யாரும் கேட்காதபோதும் அதன் உதிரிக்குக் கேள்வி இருந்தது. காரணம், உலகம் சுற்றும் மற்ற ஏ380-களுக்குச் சக்கரக் காலும் மின்னணுப் பெட்டியும் தேவைப்பட்டன. அவையும் ஓய்வு பெற்ற பிறகு விற்கப் போயிருந்தால் இந்த விலை வந்திருக்காது.

நெகிரி செம்பிலானில் இதே கதை மண் மட்டத்தில் நடக்கிறது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் தோட்டம் இருந்த நிலத்தில் தாமானும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. மலேசியா விஷன் வேலி திட்டம் இன்னும் நிலம் கேட்கிறது. தோட்டம் மூடும்போது அதன் மெஷின்கள் மட்டும் போவதில்லை, அவற்றின் உதிரிக்கு இருந்த சந்தையும் போகிறது. ஒரு தோட்டம் மூடப் போகிறது என்று தெரிந்தால், உதிரியை அதற்கு முன்பே விற்றுவிட வேண்டும். சிரம்பான் பக்கத்து ஆள் தன் பழைய அறுவடை மெஷினின் கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு ஆள் தேடுவதைவிட, ஜெம்போல் பக்கம் கொண்டுபோனால் விலை போகும். ஜெராம் பாடாங், பாத்தாங் ஜெலாய் போன்ற பெரிய செம்பனைத் தோட்டங்களும் பாசோ, செர்த்திங், பாலோங் பெல்டா குடியேற்றங்களும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன.

கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்

கழற்றுவதற்கு முன்னால் மெஷின் உண்மையில் செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பழைய மெக்கானிக்குகளுக்கு ஒரு சோதனை உண்டு, அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து எஞ்சினைத் தரையிலிருந்து தூக்குவார்கள். எஞ்சின் அந்தரத்தில் தொங்கி, அழுத்தத்தில் நின்று நின்று இறங்கினால் பிஸ்டனும் ரிங்கும் நலம். சர்ரென்று கீழே போய்விட்டால் அழுத்தம் போய்விட்டது. அடுத்து சைலன்சரைக் கழற்றி, புகை போகும் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்ப்பார்கள். வழவழப்பாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால், யாரோ எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் பாத்திரம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் அதன் உயிர். மாடலைப் பொறுத்து இருபத்தைந்துக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று என்று கலவை மாறும். அவசரத்தில் அதை மறந்தவர்களால் செத்த மெஷின்கள் எத்தனையோ.

இன்னொரு வகை, சாகாமலேயே செத்ததாகக் கருதப்படும் மெஷின். டாங்கியில் பெட்ரோலோடு ஐந்தாறு மாதம் மூலையில் போட்டால் கார்பரேட்டருக்குள் இருக்கும் சவ்வு விறைத்துப்போகும், சின்னத் துளைகள் அடைபடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றாது. சவ்வும் பெட்ரோல் ட்யூபும் மாற்றினால் எழுந்துவிடும். இப்படிப்பட்டதை "ஓடாது" என்று சொல்லி விற்பவர் நஷ்டப்படுகிறார். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது ஓடும் மெஷின் ஆகிவிடும்.

பிஸ்டனும் பிளாக்கும் உண்மையிலேயே போயிருந்தால்தான் கழற்றும் பேச்சு. அப்போதும் மெஷினில் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கும். கார்பரேட்டர், இக்னிஷன் காயில், ஸ்டார்ட்டர் தொகுதி, கிளட்ச், முதுகு மெஷினின் வளையும் ஷாஃப்ட், தண்டின் நுனியில் உள்ள கியர் ஆகியவை நல்ல உதிரிகள். கிராங்க் ஷாஃப்ட்டைப் பேரிங் ஆடாமல் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் மூடி, டாங்கி, முதுகுப் பட்டை எல்லாம் இலவச இணைப்பு என்று நினைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு கணக்கு. எண்கள் வெறும் உதாரணத்துக்கு. ஓடுகிற மெஷின் முழுசாக 300 ரிங்கிட் போகும் என்று வைப்போம். கழற்றினால் உதிரிகளின் விலைப் பட்டியல் கூட்டுத்தொகை 450. லாபம் 150 என்று பேப்பரில் வரும். நடப்பில் முதல் வாரம் கார்பரேட்டரும் காயிலும் போகும். அடுத்த மாதம் கியர் போகும். மீதி ஆறு மாதம் கிடக்கும், அதற்குள் சில துருப்பிடிக்கும், ஒன்று தொலையும். ஒவ்வொன்றையும் கழுவிப் படமெடுத்து, ஆளுக்குப் பதில் சொல்லி, குரியர் போட வேண்டும். ஒருவர் "பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புவார். கையில் வந்ததை எண்ணினால் 300-ஐத் தாண்டியிருக்காது, சாயங்காலங்கள் போனதுதான் மிச்சம். ஆகவே ஓடும் மெஷினைக் கழற்றுவது மடமை. கழற்றிப் பிழைப்பது, வர்க்‌ஷாப்பும் வாடிக்கையாளரும் ஏற்கெனவே உள்ளவருக்கு மட்டும் கட்டும். அவருக்கு உதிரி விற்கவே வேண்டாம், தன்னிடம் பழுதுக்கு வரும் மெஷினில் மாட்டிக் கூலியோடு சேர்த்து வாங்கிவிடுவார்.

மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய சாந்தாஸ் என்ற மோட்டார் அரிவாளுக்கு இந்த விதி சற்று மாறும். நீண்ட தண்டின் ஒரு நுனியில் சிறிய எஞ்சின், மறுநுனியில் குலை வெட்டும் கத்தி. எஞ்சின் போனாலும் தண்டும் கத்தித் தலையும் தனியாக விலை போகும், ஏனென்றால் பக்கத்து ஆளின் கருவியிலும் அடி வாங்குவது அந்தத் தலைதான். அதை இரண்டாகப் பிரித்து விற்பது புத்திசாலித்தனம். மூன்றாகப் பிரிக்க வேண்டாம்.

பழைய கை ரோலருக்கோ நேர் எதிர். சிறு ரப்பர்த் தோட்டக்காரர்கள் ஷீட் போட்ட காலத்தில் வழவழப்பான ரோலர் ஒன்று, வரியுள்ள ரோலர் ஒன்று என்று இரண்டு மெஷின்கள் ஜோடியாக இருந்தன. இன்று அவற்றைத் தோட்டத்து நினைவாக வாங்கி வீட்டு முன் வைப்பவர்கள் உண்டு. ஜோடி சேர்ந்திருந்தால்தான் அவர்களிடம் மதிப்பு. ஒன்றை மட்டும் விற்றுவிட்டால் மற்றது கனமான இரும்பு.

எஞ்சின் வீடு

தோட்டத்து ஜெனரேட்டருக்கு வரலாறு அதிகம். மலாயாவில் மத்திய மின்சார வாரியம் 1949 செப்டம்பர் 1-இல் உருவானது. 1965-இல் தேசிய மின்சார வாரியம் ஆகி, 1990 செப்டம்பர் 1-இல் தெனாகா நேஷனல் ஆனது. அந்த வாரியத்தின் கம்பம் எட்டாத நாட்களில் தோட்டத்துக்கு ஃபேக்டரியின் எஞ்சின் வீடுதான் மின் நிலையம். பகலில் ரோலர்களைச் சுழற்றிய எஞ்சின் மாலையில் துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் விளக்கு கொடுத்தது. இரவு குறிப்பிட்ட மணிக்கு அணைந்துவிடும், அதன் பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்ச வசதிகளைப் பற்றிய சட்டம் 1990-இல் வந்த பிறகு, தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது தோட்டத்தின் கடமை என்பது எழுத்தில் வந்தது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்களில் பேர்போனது லிஸ்டர். இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் செய்யப்பட்டது. ஆறு குதிரைசக்தி கொண்ட ஒற்றை சிலிண்டர் மாடல் நிமிடத்துக்கு 650 சுற்றுத்தான் சுற்றும். டப்... டப்... என்று அது பேசுவதைக் கேட்டே ஓவர்லோடு ஆகிறதா என்று சொல்லிவிடலாம். டர்ஸ்லியில் அதன் தயாரிப்பு 1987-இல் நின்றது. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் மட்டும் அதே எஞ்சினை அச்சு மாறாமல் வார்த்துக்கொண்டே இருந்தன. இதனால் பழைய லிஸ்டர் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி. பிஸ்டனோ வால்வோ போனால் ராஜ்கோட் உதிரி பொருந்தும். உதிரி புதிதாகக் கிடைக்கிற எஞ்சினை உதிரிக்காக உடைக்க வேண்டியதில்லை, முழுசாக உயிர்ப்பிக்கலாம். தோட்டத்து எஞ்சின் வீட்டில் டர்ஸ்லி பெயர்ப்பலகையோடு ஒரு லிஸ்டர் கிடந்தால், அதைக் கழற்றுகிறவர் பணத்தையும் வரலாற்றையும் ஒருசேரத் தொலைக்கிறார். பழைய எஞ்சின் சேகரிப்பவர்கள் பெயர்ப்பலகை, சக்கரம், எரிபொருள் பம்ப் எல்லாம் அசலாக உள்ளதற்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

டிராக்டரிலும் இதுதான். தோட்டங்களில் உழைத்த மேஸ்ஸி ஃபெர்குசன் 135-இல் இருப்பது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின். அந்த டிராக்டரின் உற்பத்தி 1975-ஓடு முடிந்தது. ஆனால் பெர்கின்ஸ் வழி வந்த எஞ்சின்களைச் சென்னையின் சிம்ப்சன் நிறுவனமும், மேஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களை 1960-இல் தொடங்கப்பட்ட சென்னையின் டாஃபேயும் பல்லாண்டு செய்துவந்தன. உதிரிக்குப் பஞ்சமில்லை. அறுபது வயது டிராக்டர் இன்னும் ஓடும் மெஷினாக விலை பேசப்படுவதற்கு அதுவே காரணம். உதிரி கிடைக்காத அபூர்வ மாடல் டிராக்டர் ஒன்று கையில் இருந்தால், அதைக் கழற்றலாமா என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

சாதாரண டீசல் ஜெனரேட்டருக்கு 2024 ஜூன் 10 ஒரு திருப்பம். அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. குடிகார எஞ்சினை முழு ஜெனரேட்டராக வாங்க ஆள் குறைவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஜெனரேட்டர் என்பது இரண்டு மெஷின்களின் கூட்டு. எரிபொருள் குடிப்பது எஞ்சின், மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். ஸ்டாம்ஃபோர்டு போன்ற நல்ல ஆல்டர்னேட்டர் எஞ்சினை விட நீண்ட நாள் வாழும். அதை வேறு எஞ்சினோடு இணைக்கலாம். இந்த இடத்தில்தான் பழைய சாமான்காரரின் கை பரபரக்கும். அவர் கண்ணுக்கு அது செப்புக் கம்பிச் சுருள். சுருளை உருவி, மேல்பூச்சை எரித்து, செம்பை எடை போட்டுவிட்டால், ஓடக்கூடிய ஒரு மின்பொறி சில கிலோ உலோகமாக முடிந்துபோகும். நகரத்துப் பட்டறையில் அதைத் திரும்பச் சுற்ற ஆகும் செலவை நினைத்தால் இது கொலைதான்.

தவ்கேயின் தராசு

பெரிய நிறுவனங்கள் கழற்றி விற்பதே இல்லை. எஸ்டி கத்ரி என்று 2024-இல் பெயர் மாறிய சைம் டார்பி பிளாண்டேஷன் போன்ற பெரும் நிறுவனத்துக்கு உதிரி எண்ணி விற்க நேரமும் கிடையாது, கணக்கு எழுத ஆளும் கிடையாது. பெரிய கம்பெனிகளின் பொது வழக்கம் இது: சாமானைக் கண்டெம் செய்து, பட்டியல் போட்டு, உள்ளபடியே உள்ள இடத்திலேயே எடுத்துக்கொள் என்ற நிபந்தனையோடு டெண்டர் விடுவார்கள். பத்துப் புல் மெஷின், இரண்டு பம்ப், ஒரு ஜெனரேட்டர், ஒரு லாரி எஞ்சின் எல்லாம் ஒரே குவியல். குவியலுக்கு ஒரு விலை. எடுப்பவர் பழைய சாமான் முதலாளியான தவ்கே. அவர் யார்டில் ஓடுவது ஒரு பக்கம், உதிரி ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று நாலாகப் பிரியும். டெண்டர் விலைக்கும் அந்த நாலின் கூட்டுக்கும் இடையிலுள்ள லாபம் பிரித்துப் பார்க்கும் அறிவுக்குக் கிடைக்கும் கூலி. அதைத் தவ்கே சம்பாதிப்பதில் தப்பில்லை. அதே அறிவு தோட்டத்து ஃபோர்மேனிடமும் இருந்தது, அவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

மலேசியர்களுக்கு இந்தப் பிரிக்கும் வித்தை புதிதில்லை. ஜப்பானில் ஓய்வு பெற்ற காரைப் பாதியாக அறுத்து, முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் பொட்டோங் கடைகள் நாடெங்கும் உண்டு. 2009-இன் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வு, பழைய உதிரிகளின் இறக்குமதியை 2011 ஜூனிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. வியாபாரிகளும் வாகனக்காரர்களும் எதிர்த்தார்கள், தடை நடைமுறைக்கு வரவில்லை. பழைய உதிரியை நம்பி எத்தனை வண்டிகள் சாலையில் ஓடுகின்றன என்பது அரசாங்கத்துக்கே அப்போதுதான் புரிந்திருக்கும்.

கழற்றுகிறவர் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பழைய பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் 1946-ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகர் சட்டப்படி உரிமம் வேண்டும், யாரிடம் என்ன வாங்கினோம் என்ற பதிவேடும் வேண்டும். தோட்டத்தில் மெஷின் திருட்டு உண்டு என்பதால் இது வெறும் சடங்கில்லை. திருட்டுச் சாமானைத் தெரிந்தே வாங்கினால் குற்றவியல் சட்டத்தின் 411-ஆம் பிரிவு காத்திருக்கிறது. மெஷினின் வரிசை எண் எஞ்சின் உடம்பில்தான் பொறித்திருக்கும். கழற்றி விற்பவர் அந்த உடம்பையும் வாங்கிய ரசீதையும் கடைசி உதிரி போகும்வரை வைத்திருப்பது பாதுகாப்பு. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிவுள்ள லாரியையோ டிராக்டரையோ உடைத்தால் முதலில் பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால், இல்லாத வண்டி சொந்தக்காரர் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

வடித்த எண்ணெயும் பேட்டரியும் 2005-ஆம் ஆண்டின் விதிகளில் பட்டியலிட்ட கழிவுகள். ஈய பேட்டரிக்கு எஸ்டபிள்யூ 102, பழைய எஞ்சின் ஆயிலுக்கு எஸ்டபிள்யூ 305 என்று தனித்தனி எண்ணே இருக்கிறது. லயத்துச் சாக்கடையில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது என்பதை யாராவது பெரிய எழுத்தில் வர்க்‌ஷாப் சுவரில் எழுதி வைத்தால் நல்லது.

துண்டு போட்ட காலம்

நெகிரி செம்பிலான் மண்ணில் மெஷினை விடப் பெரியவையும் கழற்றப்பட்டிருக்கின்றன. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன ரயில் பாதையை ஜப்பானிய ஆட்சி பெயர்த்தெடுத்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனது. கெமாஸில் தொடங்கும் கிழக்குக்கரைப் பாதையிலும் பெரும் நீளம் அப்படியே போனது. தண்டவாளம் போன அதே பாதைக்குத்தான் தோட்டத்துத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டார்கள். கழற்றிய தண்டவாளத்தை வேறு இடத்தில் மாட்டிவிடலாம். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

பத்தாண்டு கழித்துத் தோட்டமே துண்டுபோட்டு விற்கப்பட்டது. 1950-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் முழுத் தோட்டமாக விற்க, வாங்கிய கூட்டுக்காரர்கள் அதைச் சிறு சிறு மனைகளாக்கிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். துண்டுகளின் கூட்டு முழுசை விடக் கூடுதல் என்ற அதே கணக்கு. உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடல் ஆராயப்பட்டது. மனைகளுக்கு விலை வந்தது, ஆனால் முழுத் தோட்டத்துக்கு மட்டுமே பொருள் இருந்த ஃபேக்டரியும் ஆஸ்பத்திரியும் லயமும் வேலையும் விலைப் பட்டியலில் சேரவில்லை. ஆயிரம் ஏக்கர் பால் வந்தால்தான் ரோலர் வரிசைக்கு வேலை. பால் பத்துக் கைகளுக்குப் பிரிந்துவிட்டால் அந்த எஞ்சின் இரும்புதான். இதற்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முழுசாக வாங்கியது அந்தச் சங்கம்.

இன்றைய தோட்ட மூடல்களில் அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. இருப்பது கண்டெம் சாமான் பட்டியல் ஒன்றுதான். ஆனால் வேலை போகும் தொழிலாளிக்கு ஓடுகிற ஒரு புல் மெஷின் அடுத்த மாதமே தாமானில் புல் வெட்டிச் சம்பாதிக்க வழி, செத்த இரண்டு மெஷின்கள் அதற்கான உதிரி ஸ்டோர். தவ்கேக்கு அதே மூன்றும் ஒரு குவியலில் மூன்று உருப்படி. நிறுவனங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. டெண்டர் விடும் முன் பட்டியலை லயத்து நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம் ஒட்டி, கணக்குப் புத்தகத்தில் மிச்சமிருக்கும் மதிப்புக்கே தொழிலாளிகள் தனித்தனியாக வாங்க விட வேண்டும். மீதியைத் தவ்கே எடுத்துக்கொள்ளட்டும்.